மனச்சோர்வு மாத்திரை கேட்காமல் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எடுத்து, தேறி, பிறகு ஒருநாள் "மருந்து கேட்கமாட்டேங்குது" என்று வருபவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். மருந்தளவுகளைக் குறிப்பிட்டிருப்பது மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொள்ளத்தான். அவற்றைப் பார்த்து நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு 12ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. "ரெண்டு வருஷமா நல்லா இருந்தேன். அதே மாத்திரை, அதே டோஸ். இப்போ பழையபடி ஆகுது. இப்படியெல்லாம் ஆகுமா?"

ஆகும். அரிதும் இல்லை. 2021இல் வெளியான ஆன்ட்லர் என்ற பிரிட்டிஷ் ஆய்வில் 478 பேர் இருந்தார்கள். எல்லோரும் நீண்டநாள் மாத்திரை எடுத்து நலமாக இருந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு மாத்திரை தொடர்ந்தது. மறு பாதிக்குப் படிப்படியாகக் குறைத்து, மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களிலும் 39 சதவீதம் பேருக்குத் திரும்பியது.

மாத்திரை குடைதான். தூறலுக்குத் தாங்கும், அடைமழையில் ஓரம் நனையத்தான் செய்யும். "நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்" என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

2. "உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சா?"

சிலருக்கு அப்படியும் இருக்கலாம். 1998இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 9 முதல் 33 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் திரும்பியதாகக் கணக்குக் காட்டியது. ஆனால் அந்தக் கணக்கில் உடம்பு பழகிப்போனவர்கள் மட்டும் இல்லை. நோயே இன்னொரு அலையாக எழும்பியவர்கள், மாத்திரையை விட்டுவிட்டு எடுத்தவர்கள், தைராய்டு குறைந்தவர்கள், முதலிலேயே வேறு நோய் இருந்தவர்கள் என்று பலரும் அதில் சேர்ந்திருக்கிறார்கள்.

"மருந்து கேட்கல" என்ற ஒரே வாக்கியத்துக்குள் இப்படி ஐந்தாறு வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. எது என்று பார்க்காமல் மாத்திரையை மாற்றினால் புது மாத்திரையும் அதே இடத்தில் போய் நிற்கும்.

3. "ஒரு வாரமா மனசே சரியில்ல. மருந்து வேலை செய்யலன்னு எடுத்துக்கலாமா?"

ஒரு வாரம் போதாது. வீட்டில் சண்டை, ஆபீசில் மார்ச் மாதக் கணக்கு, காய்ச்சல், தொடர்ந்து நான்கு நாள் தூக்கம் கெட்டது என்று எது வந்தாலும் ஒரு வாரம் மனம் சரியும். இரண்டு வாரம், பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதி என்பதுதான் கணக்கு.

மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 என்று இரண்டு கேள்வித்தாள்கள் உண்டு. முதலாவதில் 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். இரண்டாவதில் 7 கேள்விகள், 21 மதிப்பெண். கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். இரண்டிலுமே 10ஓ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய அளவு. ஒருமுறை போட்டதைவிட, வாரம் ஒருமுறை அதே கிழமையில் போட்டு வரிசையாக எழுதி வைத்த தாள்தான் மருத்துவருக்குப் பயன்படும். 6, 7, 11, 14 என்று ஏறுவது ஒரு கதை. 9, 6, 10, 7 என்று ஆடுவது வேறு கதை.

4. "டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நானே எதையெல்லாம் பார்க்கணும்?"

முதலில் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுங்கள். வாங்கிய தேதியும் மிச்சமிருக்கும் மாத்திரையும் ஒத்துப்போகிறதா? முப்பது நாளைக்கு முன் 30 மாத்திரை வாங்கியிருக்கிறீர்கள், இன்னும் 7 மிச்சம் என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கிறது. நலமானதும் மறதி வருவது மனித இயல்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மருத்துவரிடம் மறைத்தால், தேவையில்லாமல் டோஸ் ஏறும்.

அடுத்து, அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சீட்டோடு ஒப்பிடுங்கள். கடையில் "அதே மருந்துதான், கம்பெனி வேற" என்று கொடுக்கும்போது 10க்குப் பதில் 5 வந்துவிடுவது உண்டு. மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டலோப்ராம் 10உம் பதற்றத்தை உடனே அடக்கும் குளோனசெபாம் 0.5உம் ஒரே மாத்திரையில் சேர்ந்தே நம் ஊரில் அதிகம் விற்கிறது. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஓரிரு எழுத்தைக் கவனிக்காமல் கூட்டு மாத்திரைக்குப் பதில் தனி மாத்திரையை வாங்கினால், குளோனசெபாம் அன்றைக்கே நின்றுபோகும். நான்கைந்து நாளில் தூக்கம் போய், கை நடுங்கி, பதற்றம் எகிறும். பழி எஸ்சிட்டலோப்ராம் மேல் விழும்.

எப்படி விழுங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். விலாசோடோனை வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சேரும் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். பராக்ஸெட்டின் சி.ஆர்., வென்லாஃபாக்ஸின் எக்ஸ்.ஆர். போன்ற மெதுவாகக் கரையும் வகைகளை உடைக்கவோ நசுக்கவோ கூடாது. டுலாக்ஸெட்டின் எடுப்பவர் சிகரெட் பிடித்தால் ரத்தத்தில் மருந்தளவு மூன்றில் ஒரு பங்கு போல் குறையும். புதிதாகச் சேர்ந்த மருந்துகளையும் பாருங்கள்: காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், பெனிடாயின் ஆகியவை மிர்டாசபின் போன்ற பல மருந்துகளைக் கல்லீரலில் வேகமாக உடைத்து வெளியேற்றும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை தன் பங்குக்கு மனநிலையையே கெடுக்கும். கடைசியாக மது. சனி ஞாயிறு மட்டும் என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள். திங்கள் செவ்வாயில் வரும் பதற்றத்துக்குப் பல நேரம் அதுதான் காரணம்.

5. "மனசுக்குத்தானே பிரச்சினை, ரத்தம் எதுக்கு எடுக்கச் சொல்றாங்க?"

தைராய்டு குறைந்தால் சோம்பல், எடை கூடுதல், எதிலும் பிடிப்பின்மை வரும். கூடினால் படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை வரும். இரண்டும் மனநோய் போலவே தெரியும். அதனால்தான் டி.எஸ்.எச். பரிசோதனை. ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை ஆகியவையும் பார்க்க வேண்டும். சைவ உணவுக்காரர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்கள் பி12ஐத் தவறவிடக் கூடாது. வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகளாலேயே சோடியம் குறையலாம். தள்ளாட்டம், குழப்பம், சோர்வு என்று வந்தால் உடனே சோடியம் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் தெரியாத ஒன்றும் உண்டு: குறட்டை. இரவில் மூச்சு நின்று நின்று வருபவர் எட்டு மணி நேரம் படுத்தாலும் அசதியோடுதான் எழுவார். பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

6. "ஆரம்பிச்சு மூணு வாரந்தான் ஆச்சு, ஒண்ணும் தெரியல. எனக்கு இது சேரலையா?"

உங்களுடையது வேறு விஷயம். மருந்து நின்றுபோகவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலும் கூடுதல் பதற்றமும் வரலாம். மனம் தெளிய 4 முதல் 6 வாரம் ஆகும். பதற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம், வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும் எண்ணச்சுழல் நோய் (ஓ.சி.டி.) என்றால் 8 முதல் 12 வாரம். ஆனால் சரியான அளவில் நான்கு வாரம் எடுத்தும் துளிகூட மாற்றம் இல்லை என்றால் மௌனமாகக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

7. "டோஸ் ஏத்தினா சரியாயிடுமா?"

குறைந்த அளவில் இருப்பவருக்கு முதலில் அதைத்தான் செய்வார்கள். வழக்கமான எல்லைகள்: எஸ்சிட்டலோப்ராம் 10 முதல் 20 மில்லிகிராம், செர்ட்ராலின் 50 முதல் 200, ஃப்ளூக்ஸெட்டின் 20 முதல் 60, வென்லாஃபாக்ஸின் 75 முதல் 225. வென்லாஃபாக்ஸின் 75இல் செரடோனின் என்ற மூளை ரசாயனத்தின் மேல்தான் பெரும்பாலும் வேலை செய்யும், 150ஐ ஒட்டித்தான் நாரட்ரினலின் என்ற இன்னொரு ரசாயனத்தின் பக்கமும் சேரும். அதனால் 75இல் நின்றுகொண்டு "கேட்கல" என்பது பாதி வழியில் இறங்குவது போல.

ஆனால் ஏற்றிக்கொண்டே போவதில் பலன் இல்லை. ஃப்ளூக்ஸெட்டின் கணக்கில் 20 முதல் 40 வரை பலன் கூடுகிறது, அதற்கு மேல் பக்கவிளைவுதான் கூடுகிறது என்று 2019இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு எஸ்சிட்டலோப்ராம் 10தான் வழக்கமான உச்சம், இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை அது பாதிக்கும் என்பதால். ஏற்றிய பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் விட்டு, 3ஆம் கேள்வியில் சொன்ன மதிப்பெண்ணை மறுபடி பாருங்கள்.

8. "மருந்தை மாத்துறது நல்லதா, கூட இன்னொண்ணு சேர்க்கிறது நல்லதா?"

கொஞ்சமும் பலன் இல்லை என்றாலோ பக்கவிளைவு தாங்கவில்லை என்றாலோ மாற்றுவது. பாதிக்குப் பாதி பலன் இருக்கிறது, அதை இழக்க மனமில்லை என்றால் சேர்ப்பது. இது தோராயக் கணக்குதான், ஆனால் பெரும்பாலும் பொருந்தும். அமெரிக்காவில் 4041 பேரைச் சேர்த்து நடந்த ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தில் மூன்றில் ஒருவர் போலத்தான் முழுதாகத் தேறினார்கள். இரண்டாவது படியில் இன்னும் கணிசமானவர்கள் தேறினார்கள். மூன்றாவது, நான்காவது படிகளில் வாய்ப்பு நன்றாகவே சுருங்கியது. எனவே இரண்டாவது படியைப் பொறுமையாக, சரியான அளவில், சரியான காலம் எடுப்பதுதான் லாபம்.

சேர்ப்பதிலும் எல்லாம் ஒன்றல்ல. மிர்டாசபினைச் சேர்ப்பது பல இடங்களில் வழக்கம். ஆனால் 480 பேரை வைத்து 2018இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. தூக்கமும் பசியும் போனவருக்கு உதவலாம், எடையும் ஏறும். அரிபிப்ரசோல், குவெட்டியாபின், லித்தியம் ஆகியவற்றுக்கு ஆதாரம் உண்டு, கவனிப்பும் வேண்டும். குவெட்டியாபினுக்கு எடை, சர்க்கரை பார்க்க வேண்டும். லித்தியத்துக்கு ரத்த அளவு, சிறுநீரகம், தைராய்டு. அதை எடுப்பவர் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ ஐபுப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரை போட்டாலோ அளவு ஆபத்தாக ஏறும். அரிபிப்ரசோலில் ஒரு சூட்சுமம்: சிலருக்கு உட்கார முடியாமல், காலை ஓரிடத்தில் வைக்க முடியாமல் அலையவிடும். அதைப் "பதற்றம் கூடிடுச்சு" என்று நினைத்து இன்னும் ஏற்றினால் மோசமாகும். மருந்து சேர்ந்த தேதியையும் அலைச்சல் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பிடிபட்டுவிடும்.

9. "வேலை செய்யாத மருந்துதானே, நானே நிறுத்திட்டா என்ன?"

நோய்க்குக் கேட்காத மருந்தும் மூளைக்குப் பழகிய மருந்துதான். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், விசித்திரக் கனவு, தலையைத் திருப்பும்போது மண்டைக்குள் மின்சாரம் அடித்தது போன்ற வெட்டு வரும். பராக்ஸெட்டினும் வென்லாஃபாக்ஸினும் இதில் மோசம், காரணம் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடும். ஃப்ளூக்ஸெட்டின் வாரக்கணக்கில் தங்குவதால் அதிகம் தொல்லை தராது.

இது நோய் திரும்பியதா, நிறுத்தியதன் விளைவா என்று பிரித்தறிய வழி உண்டு. நாள்கணக்கில் தொடங்கி, மின்வெட்டும் தலைசுற்றலுமாக வந்து, மாத்திரையை மறுபடி போட்டதும் ஓரிரு நாளில் அடங்கினால் நிறுத்தியதன் விளைவு. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இருட்டினால் நோய். குறைக்கும்போது கடைசிப் படிகள்தான் செங்குத்து: 20இலிருந்து 15க்கு இறங்குவதைவிட 5இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது மூளைக்குப் பெரிய இறக்கம். அங்கே அவசரம் கூடாது.

10. "ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தும்போது நடுவுல என்ன ஆகும்?"

வழக்கமாகப் பழையதைக் குறைத்துக்கொண்டே புதியதை ஏற்றுவார்கள். ஒன்றிரண்டு வாரம் இரண்டும் ரத்தத்தில் இருக்கும். தேதி வாரியாக எந்த நாளில் எது, எத்தனை மில்லிகிராம் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். "பாதி பாதியா குறைச்சுக்கோங்க" என்ற வாய்மொழியை வீட்டுக்குப் போய்ச் சரியாக நினைவில் வைப்பவர் குறைவு. ஃப்ளூக்ஸெட்டினை நிறுத்தியும் அது ஐந்து வாரம்வரை உடம்பில் இருக்கும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்து பின்னால் வந்தால் அதன் அளவை ஃப்ளூக்ஸெட்டின் ஏற்றிவிடும்.

இந்த நாள்களில் வேறு மருத்துவரிடம் போனால் எடுக்கும் மருந்தைச் சொல்லியே ஆக வேண்டும். வலிக்கான டிரமடால், கிருமிக்கான லினசோலிட், இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் மூன்றும் செரடோனினை ஏற்றுபவை. வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம், தசை துடிப்பு, காய்ச்சல், குழப்பம் என்று சேர்ந்து வந்தால் அடுத்த நாள்வரை பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

11. "படபடப்புக்கு அந்தச் சின்ன மாத்திரை போட்டா உடனே அடங்குது. அதையே தொடர்ந்து போட்டுக்கலாமா?"

அல்பிரசோலாம், குளோனசெபாம், லோரசெபாம், எட்டிசோலாம் எல்லாம் ஒரே குடும்பம். புதிய மருந்து பிடிக்கும்வரை இரண்டு முதல் நான்கு வாரம் துணைக்கு என்றால் சரி. அதற்கு மேல் போனால் அதே அடக்கத்துக்கு அரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். வேளை தப்பினால் வரும் நடுக்கத்தை நோய் என்று நினைக்கத் தோன்றும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். மெல்ல இறக்க வேண்டும்.

12. "ராத்திரி ஆனா, எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு தோணுது. இதை டாக்டர்கிட்ட சொன்னா கேஸ் ஆகுமா?"

ஆகாது. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காக விசாரணையோ தண்டனையோ கூடாது என்கிறது. எண்ணம் வந்ததைச் சொல்வது அதைவிடச் சிறிய விஷயம். தயங்காமல் சொல்லுங்கள்.

இன்றிரவே செய்ய வேண்டியவை: வீட்டில் ஒருவரிடம், அக்காவோ மாமாவோ நண்பரோ, "எனக்கு இப்படித் தோணுது, தனியா விடாதீங்க" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். மாத்திரைகள் முழுவதையும் அவரிடம் கொடுத்து, அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926. எண்ணம் திட்டமாக மாறிவிட்டது என்றால் இந்தியாவில் 108ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மருந்து தொடங்கிய, டோஸ் மாறிய முதல் வாரங்களில் இந்த எண்ணம் கூடக்கூடும் என்பதால் வீட்டார் அந்த நாள்களில் கூடவே இருக்க வேண்டும்.

13. "அழுகையும் வரல, சிரிப்பும் வரல. மரக்கட்டை மாதிரி இருக்கேன். இதுவும் மருந்து கேட்காததுதானா?"

பல நேரம் இது மருந்து கொஞ்சம் அதிகமாகவே கேட்பதன் அடையாளம். பதற்றத்தோடு சேர்ந்து மற்ற உணர்ச்சிகளும் மழுங்கிவிடுகின்றன. மனச்சோர்வில் வெறுமையோடு வலியும் குற்ற உணர்ச்சியும் இருக்கும். இதில் வலிகூட இல்லாத ஒரு தட்டைநிலை. டோஸைக் குறைத்தாலே தெளியக்கூடியதை, "கேட்கல" என்று சொல்லி ஏற்ற வைத்துவிடாதீர்கள். பாலுறவு நாட்டம் போனதும் இதே வகைதான். கூச்சப்படாமல் சொன்னால் வேறு மருந்துக்கு வழி இருக்கிறது.

14. "டோஸ் ஏத்தினதும் மூணு மணி நேரத் தூக்கமே போதும்னு இருக்கு, தலைக்குள்ள ஐடியா கொட்டுது. குணமாயிட்டேனா?"

இல்லை, இரண்டு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமை, வேகப் பேச்சு, கைக்கு மீறிய செலவு, அற்ப விஷயத்துக்கு எரிந்து விழுவது, இவை சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயின் எழுச்சிப் பக்கமாக இருக்கலாம். இந்த நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் வருவது பெரும்பாலும் சோர்வோடுதான், அதனால் எழுச்சி தப்பிவிடும். "சேர்ந்து ரெண்டு மாசம் நல்லாயிருக்கும், அப்புறம் கேட்காது" என்று மருந்துக்கு மேல் மருந்தாக மாறியவர்களிடம், இப்படி எழுச்சி வந்ததுண்டா என்று கேட்டே ஆக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றும் கேட்பார்கள். அப்படி என்றால் மனநிலை நிலைப்படுத்தும் மருந்துதான் தேவை.

15. "பேசினா எப்படிங்க சரியாகும்? கவுன்சலிங்கெல்லாம் வேஸ்ட் இல்லையா?"

மருந்துக்குச் சரியாகக் கேட்காத 469 பேரை வைத்து 2013இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், மருந்தோடு சி.பி.டி. என்ற சிந்தனை நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் நோய் பாதிக்குக் குறைந்தது. சேராதவர்களில் 22 சதவீதம். ஆறுதல் சொல்லி அனுப்புவது அல்ல இது. வாரம் ஒருமுறை, பன்னிரண்டு முதல் பதினெட்டு அமர்வு, வீட்டுப்பாடத்தோடு.

அதில் ஒரு துண்டை இன்றே தொடங்கலாம். ஒரு தாளில் மணிக்கணக்கில் கட்டம் போட்டு, என்ன செய்தீர்கள், மனம் பத்துக்கு எத்தனை என்று மூன்று நாள் எழுதுங்கள். 11 முதல் 1 வரை படுக்கை, மனம் 2. மொட்டை மாடியில் துணி உலர்த்தியது, 4 என்று ஏதாவது தெரியும். நான்காம் நாளிலிருந்து அந்த 4ஐக் கட்டத்தில் முன்கூட்டியே எழுதி, மனம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்துக்கு அதைச் செய்யுங்கள். மனம் வந்தபின் எழலாம் என்று காத்திருந்தால் நோய்தான் ஜெயிக்கும்.

16. "நாலு மருந்து பார்த்தாச்சு. ஷாக் வைக்கச் சொல்றாங்க. பயமா இருக்கு."

சரியான அளவில், சரியான காலம் எடுத்த இரண்டு மருந்துகள் கேட்கவில்லை என்றால் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. அங்கே இந்தச் சிகிச்சைகள் வருகின்றன. நீங்கள் பழைய சினிமாவில் பார்த்த ஷாக் இப்போது சட்டப்படியே தடை: 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை கூடாது என்கிறது. வாரம் இரண்டு மூன்று முறை, மொத்தம் 6 முதல் 12. கடுமையான சோர்வில், சாப்பாடே இறங்காத நிலையில் இதைப்போல் வேலை செய்வது வேறில்லை. அந்த வாரங்களின் நினைவு கொஞ்சம் கலங்கும். காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு மயக்கம் தேவையில்லை, ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் தினம் போக வேண்டும். சில மருத்துவமனைகளில் கெட்டமைன் ஊசியும் உண்டு, கண்காணிப்பில் மட்டும்.

17. "ஓபி-யில அஞ்சு நிமிஷந்தான் கிடைக்குது. என்னத்தைச் சொல்றது?"

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். இப்படி: "எஸ்சிட்டலோப்ராம் 10, இரவு, 2 வருடமாக. கடந்த மாதம் 4 நாள் விட்டுப்போனது. பி.எச்.க்யூ நான்கு வாரமாக 6, 9, 13, 15. ஜி.ஏ.டி 8, 9, 12, 12. தூக்கம் 4 மணி நேரம், 3 மணிக்கே விழிப்பு. புதிதாகச் சேர்ந்தது: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், 8 மாதம். முன்பு எடுத்தது: செர்ட்ராலின் 50, ஆறு வாரம், பலன் இல்லை, 100க்கு ஏற்றவில்லை. சாகும் எண்ணம்: போன வாரம் இரண்டு முறை, திட்டம் இல்லை. தைராய்டு பார்த்து 2 வருடம் ஆயிற்று." மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலியானதையும் சேர்த்து.